மாமனார் ஃப்ரீமேசன், நானும் சேரலாமா?

பெரம்பூர்க்காரன் (கேள்வி)

வணக்கம். ஃப்ரீமேசன் லாட்ஜில் (தங்கும் லாட்ஜ் இல்லை, சடங்கு, உறுதிமொழி எல்லாம் உள்ள ஆண்கள் சங்கத்தின் கிளை; உறுப்பினர்களைச் சுருக்கமாக மேசன் என்பார்கள்) இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

என் மாமனார் ரொம்ப வருஷமாக உறுப்பினர். மாதம் ஒருநாள் சாயங்காலம் கருப்புக் கோட்டு, டை, வெள்ளைக் கையுறை, ஏப்ரன் (சடங்கின்போது இடுப்பில் கட்டுவது) வைத்த தட்டையான பெட்டி என்று எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குக் கிளம்பிவிடுவார். மழை, தேர்தல், கிரிக்கெட் ஃபைனல் எதுவும் அவரை நிறுத்தாது. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட 'நீங்களும் வாங்க மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. சமீபத்தில் நானாக வாயைத் திறந்து கேட்டேன். 'விருப்பம் இருந்தா நீங்களாத்தான் கேக்கணும், நாங்க ஆள் பிடிக்கிறதில்ல' என்றார், அப்புறம் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

எனக்கு 38 வயது, தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. வேலை, வீடு, இஎம்ஐ, பையன் ஸ்கூல் என்று ஓடுகிறது. கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் கேக் படம் அனுப்புவதோடு சரி, நேரில் பார்த்து எத்தனையோ நாளாகிறது. ஆபீஸில் பேசுகிற ஆட்கள் எல்லாம் ஆபீஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதனால்தான் இந்த யோசனையே வந்தது. ஆனால் உண்மையில் இதில் என்ன கிடைக்கும்? காசு எவ்வளவு பிடிக்கும்? சாமி விஷயத்தில் ஏதாவது சிக்கல் வருமா? என் அம்மா யூடியூபில் இல்லுமினாட்டி வீடியோ பார்த்துவிட்டு 'அந்தப் பக்கமே போகாதே' என்கிறார். மனைவி வேறு மாதிரி, 'பொம்பளைங்களைச் சேர்க்காத இடத்துல உங்களுக்கு என்ன வேலை' என்கிறார். இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

---

கோட்டும்_கையுறையும்

நான் உறுப்பினர், சென்னையில்தான். உங்கள் மாமனார் செய்தது சரி, நாங்கள் யாரையும் வற்புறுத்திக் கூப்பிடக்கூடாது என்பது பழைய வழக்கம்.

முதலில் நடைமுறை. உங்களை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். மாமனார் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. அதற்குப்பின் ஒரு சின்னக் குழு உங்களைச் சந்தித்துப் பேசும், பல லாட்ஜ்களில் வீட்டுக்கே வருவார்கள், மனைவியிடமும் பேசுவார்கள். இது சும்மா சடங்குக்காக இல்லை. வீட்டில் மனசில்லாமல் மாதம் ஒரு சாயங்காலம் காணாமல் போகிறவரால் வீட்டிலும் சண்டை, லாட்ஜிலும் அரை மனசு. பிறகு ரகசிய வாக்கெடுப்பு. சீட்டு எல்லாம் கிடையாது, ஒரு பெட்டி, வெள்ளை உருண்டை, கருப்பு உருண்டை. கையை உள்ளே விட்டுப் போடுவதால் யார் எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு கருப்பு விழுந்தாலே நிராகரிப்புதான், காரணமும் சொல்ல மாட்டார்கள்.

சாமி விஷயம். கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்பார்கள், உண்டு என்றால் போதும், எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டார்கள். நாத்திகர் என்றால் இங்கே இடமில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உறுதிமொழியை அவரவர் தம் புனித நூலின் மேல் கை வைத்து எடுக்கலாம். இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், பார்சிகளின் அவெஸ்தா எல்லாம் ஒரே மேஜையில் விரித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதேபோல் லாட்ஜுக்குள் மதச் சண்டையும் கட்சி அரசியலும் பேசக்கூடாது. நம்ம ஊரில் இந்த ஒரு விதிக்காகவே சந்தா கட்டலாம் என்பேன். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாம்பார் பரிமாறுவதற்குள் கூட்டணிக் கணக்கு ஆரம்பித்துவிடுகிறது.

சரி, என்ன கிடைக்கும்? தொழில் தொடர்பு, கான்ட்ராக்ட், பையனுக்கு சீட்டு என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். ஆதாயத்துக்காகச் சேரவில்லை என்று சேரும்போதே உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். அதையும் சொல்லிவிட்டு விசிட்டிங் கார்டு நீட்டுகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். அப்படிப்பட்டவர்கள் இரண்டு வருஷம் கழித்துத் தானாகக் கழன்றுகொள்வார்கள்.

எனக்கு உண்மையில் கிடைத்தது இரண்டு விஷயம். ஒன்று, பேச்சு. எங்கள் சடங்குகள் எல்லாம் ஒரு சின்ன நாடகம் மாதிரி, வசனத்தைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மேசன் என்றால் கொத்தனார், அதனால் கொத்தனார் கையில் இருக்கும் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு இதையெல்லாம் வைத்து ஒழுக்கம் சொல்வார்கள். மூலைமட்டம் என்றால் நேர்மை, ரசமட்டம் என்றால் எல்லாரும் சமம், தூக்குக்குண்டு என்றால் வளையாமல் நிற்பது. 24 அங்குல அளவுகோல் என்றால் ஒரு நாளின் 24 மணி நேரம், அதில் பிரார்த்தனைக்கு ஒரு பங்கு, வேலைக்கு ஒரு பங்கு, கஷ்டப்படும் சகோதரனுக்கு ஒரு பங்கு. கேட்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்வதுபோல் இருக்கும், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதையே நீங்கள் மனப்பாடம் செய்து, புதிதாக வரும் ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்லும்போது, அதில் பாதியை நாம் செய்வதில்லையே என்று உறைக்கும். மீட்டிங்கில் எழுந்து நாலு வார்த்தை பேசவே பயந்துகொண்டிருந்த பல பேர் இதனால் மாறியிருக்கிறார்கள்.

இரண்டாவது, பதவி சுற்றிக்கொண்டே இருக்கும். கதவுக்கு உள்ளே காவல் நிற்பதில் தொடங்கி, ஜூனியர் டீக்கன், சீனியர் டீக்கன், ஜூனியர் வார்டன், சீனியர் வார்டன் என்று வருஷத்துக்கு ஒரு படியாக ஏறி மாஸ்டர், அதாவது லாட்ஜ் தலைவர், நாற்காலிக்கு வருவீர்கள். ஒரு வருஷம் உட்காரலாம். அடுத்த வருஷம் எழுந்து வேறு ஒருவருக்கு வழிவிட்டுப் பழைய மாஸ்டர்கள் வரிசையில் போய் உட்கார வேண்டும், அவர் சொன்னால் எழ வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும். வெளியே பெரிய கம்பெனி நடத்துகிறவர், உள்ளே தன்னைவிட இருபது வயது சின்னப் பையனுக்குத் தலைவணங்கி நிற்பார். நாற்காலியை விடவே மனசில்லாத சங்கங்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம், அதனால் இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

காசு விஷயம்: சேர்க்கைக் கட்டணம், வருஷச் சந்தா, கூட்டத்துக்குப் பிறகு நடக்கும் விருந்துக்கான பங்கு, அப்புறம் தர்மப் பெட்டி. லாட்ஜுக்கு லாட்ஜ் வித்தியாசம் அதிகம், ஆகவே உங்கள் மாமனாரிடம் போன வருஷம் மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். குடும்பத்துக்குப் பாதகம் இல்லாமல் கட்ட முடியும் என்றால் மட்டும் சேருங்கள். இதை நாங்களே நேர்காணலில் சொல்வோம்.

அம்மாவுக்கு: இல்லுமினாட்டி என்பது 1776ல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கியது. பத்து வருஷம் முடிவதற்குள் அந்த நாட்டு அரசே தடை செய்துவிட்டது. சில பேர் இரண்டிலும் இருந்தார்கள் என்பதால் இன்றுவரை எங்கள் தலையில் கட்டுகிறார்கள். உலகத்தை ஆள்கிறவர்கள் என்கிறார்கள், எங்கள் கூட்டத்தில் போன தடவை ஏசி ரிப்பேருக்கு யார் போன் பண்ணுவது என்றே அரை மணி நேரம் போச்சு.

---

சந்தேகப்பேர்வழி

மேலே எழுதியவர் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லணும்.

கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே வாளோடு ஒரு காவலரை நிறுத்திவிட்டு, 'ரகசியம் ஒன்றுமில்லை' என்றால் யார் நம்புவார்கள்? இத்தாலியில் பி2 என்று ஒரு லாட்ஜ் இருந்ததே, 1981ல் அதன் உறுப்பினர் பட்டியல் போலீஸ் கையில் சிக்கியபோது அமைச்சர்கள், ராணுவ அதிகாரிகள், பத்திரிகை முதலாளிகள் பெயரெல்லாம் இருந்து அரசாங்கமே கவிழ்ந்தது. 'அது முறையான லாட்ஜ் இல்லை, அதற்கு முன்பே இடைநீக்கம் செய்துவிட்டோம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் மூடிய கதவுக்குள் செல்வாக்குள்ளவர்கள் கூடினால் இப்படி ஆகவும் வாய்ப்பு உண்டு என்பதுதான் என் கவலை.

இன்னொன்று, கருப்பு உருண்டை. காரணம் சொல்லாமல் ஒருவரை வெளியே நிறுத்துகிற உரிமை சாதி பார்க்கிற ஊரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு லாட்ஜ் அனுபவம் இல்லை. வேறு ஒரு சேவைச் சங்கத்தில் கொஞ்ச நாள் இருந்தேன், பெயர் வேண்டாம். பிளட் டொனேஷன் கேம்ப் ஒன்று, அதற்கு ஃபோட்டோ நூறு. தலைவருக்குச் சால்வை, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, சால்வை போட்டவருக்கும் சால்வை. கடைசியில் ரத்தம் கொடுத்த பையன்களுக்கு பிஸ்கெட் தீர்ந்துபோச்சு. வந்துவிட்டேன்.

நண்பர்கள் வேண்டும் என்றால் காலையில் பார்க்கில் ஷட்டில் விளையாடப் போங்கள். நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது. கோட்டு தைக்க வேண்டியதில்லை.

---

பழையபேப்பர்

வரலாறு கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் சில தகவல். நான் உறுப்பினர் இல்லை, ஆகப்போவதும் இல்லை (சாயங்காலம் வெளியே போகவே சோம்பல்).

லண்டனில் நான்கு லாட்ஜ்கள் ஒரு மதுக்கடையில் கூடி கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமை அமைப்பு) அமைத்தது 1717 என்பது மரபாகச் சொல்லும் கணக்கு. மதராஸில் முதல் லாட்ஜ் 1752. ஆங்கிலேயர்கள் மட்டும் இருந்த இடத்தில் முதலில் நுழைந்த இந்தியர் நம்ம ஊர் ஆள், ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. 1770களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்கார ஏப்ரன் ஒன்றும் விதிப் புத்தகம் ஒன்றும் பரிசாக அனுப்பியது. தன் பட்டங்களிலேயே இதைப் பெருமையாக நினைப்பதாக அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். அவருக்கு இது எவ்வளவு தூரம் மனசில் இருந்து வந்தது, எவ்வளவு தூரம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ராஜதந்திரம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மெரினாவில் டிஜிபி அலுவலகம் இருக்கிறதே, அந்த வெள்ளைத் தூண் கட்டடம், அது மேசன்கள் 1839ல் தங்கள் கூட்டங்களுக்காகக் கட்டியது. 1865ல் போலீஸ் வாடகைக்கு எடுத்தது, 1874ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டது. தினமும் அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

சந்தேகப்பேர்வழி சொன்ன 'யாரை வெளியே நிறுத்துவது' என்ற கேள்வி இவர்களை ஆரம்பத்தில் இருந்தே துரத்துகிறது. சகோதரத்துவம் என்று சொல்லிவிட்டு வாசலில் தடுமாறிய கதைகள் நிறைய. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் 1860களில் விண்ணப்பித்தார். இந்துக்களுக்குப் பல கடவுள், ஆகவே 'ஒரே பரம்பொருளை நம்புகிறேன்' என்று அவர் எப்படிச் சொல்ல முடியும் என்று அங்கிருந்த மேலதிகாரிகள் இழுத்தடித்தார்கள். லண்டன் வரை போய், 1872ல்தான் உள்ளே வந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1884ல், அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தா என்ற இளைஞர் ஒரு லாட்ஜில் சேர்ந்தார், பின்னாளில் விவேகானந்தர். அமெரிக்காவிலும் இதே கதை. பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் வேறு 14 பேரும் 1775ல் பாஸ்டனில் சேர்ந்தார்கள், சேர்த்துக்கொண்டது பிரிட்டிஷ் படையோடு வந்த ஒரு ஐரிஷ் லாட்ஜ். வெள்ளையர் லாட்ஜ்கள் ஏற்காததால் 1784ல் லண்டனிடம் நேரடியாக அனுமதிப் பத்திரம் வாங்கித் தனியாக நடத்தினார்கள். அங்குள்ள பல மாநில கிராண்ட் லாட்ஜ்கள் அவர்களை அங்கீகரிக்கத் தொடங்கியது 1989க்குப் பிறகுதான். இருநூறு வருஷம்!

ஆனால் 'என்ன பயன்' என்ற கேள்விக்குப் பழைய காலத்தில் பதில் ரொம்ப நேரடியானது. ஆட்ஃபெல்லோஸ், ஃபாரஸ்டர்ஸ் என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த சங்கங்களில் தொழிலாளி வாராவாரம் சில பென்ஸ் கட்டுவார். நோய் வந்து படுத்தால் லாட்ஜ் பணம் தரும், டாக்டரை லாட்ஜே ஒப்பந்தத்தில் வைத்திருக்கும், செத்தால் அடக்கச் செலவு, விதவைக்கு ஒரு தொகை. காப்பீடும் பி.எஃப்பும் இல்லாத காலம் அது. 1911ல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது, பிறகு கம்பெனிகளும் அரசாங்கமும் அந்த வேலையை எடுத்துக்கொள்ள, இந்தச் சங்கங்கள் மெதுவாக வற்றின. பாலிசி போய்விட்டது, கைகுலுக்கல் மட்டும் மிஞ்சியது என்று சொல்லலாம்.

நம்ம பக்கத்திலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி நாடார் உறவின்முறைகளை (ஊர்ச் சமூகச் சங்கங்கள்) எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம், கிணறு, பேட்டை எல்லாம் நடத்தினார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியில் ஓடிய பள்ளி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். ஒரே வித்தியாசம், அங்கே பிறப்பால் உறுப்பினர், இங்கே உருண்டையால் உறுப்பினர். இரண்டிலும் குறை உண்டு. பெரம்பூர்க்காரருக்கு என் யோசனை, சொந்தச் சாதிக்கு வெளியே, சொந்தத் தொழிலுக்கு வெளியே, வாழ்நாள் முழுக்க ஒரே நாலு முகங்களைப் பார்க்கிற வாய்ப்பு நகரத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஷட்டில் குழு நல்லதுதான், ஆனால் முட்டி தேய்ந்ததும் அது முடிந்துவிடும்.

---

முத்துநகர்

தூத்துக்குடியில் இருந்து. கேள்வி கேட்டவர் இந்து என்று நினைக்கிறேன், இருந்தாலும் இதைப் படிக்கும் கத்தோலிக்கர்களுக்காக ஒரு வரி. எங்களுக்கு இது கூடாது. 1738ல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் போட்ட தடை, 1983ல் ரோமில் இருந்து மறுபடி உறுதிப்படுத்தினார்கள், 2023லும் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டதற்கு அதே பதில்தான் வந்தது. சேர்ந்தவர் நற்கருணை வாங்க முடியாது. மற்ற சபைகளில் அவரவர் நிலைப்பாடு வேறு.

அதனால் எனக்குத் தெரிந்த வேறு ஒன்றைச் சொல்கிறேன், வின்சென்ட் தே பவுல் சபை. 1833ல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. 'உங்கள் மதம் ஏழைகளுக்கு இப்போது என்ன செய்கிறது' என்று எதிர்த்தரப்பு மாணவர்கள் கேட்டதற்குப் பதிலாக விறகு கட்டைச் சுமந்துகொண்டு ஏழை வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்கு நம்ம ஊர்ச் சர்ச் பங்குகளில் ரொம்ப சகஜம். வாரம் ஒரு கூட்டம், ஜெபம், அப்புறம் எந்தக் குடும்பத்துக்கு அரிசி, எந்தப் பாட்டிக்கு மாத்திரை, எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் என்று கணக்கு. வீடு சந்திக்க இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம், தனியாகப் போக மாட்டோம். உதவி வாங்குகிறவர் பெயர் வெளியே போகாது, ஃபோட்டோ கிடையவே கிடையாது. சால்வையும் இல்லை (சந்தேகப்பேர்வழிக்கு).

எனக்கு ரொம்பப் பிடித்தது கூட்ட முடிவில் சுற்றி வரும் துணிப்பை. எல்லாரும் மூடின கையை உள்ளே விட்டு, எடுக்கும்போதும் மூடியே எடுப்போம். யார் ஐநூறு போட்டார், யார் சும்மா கையை விட்டு எடுத்தார் என்று தெரியாது. எங்கள் குழுவில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறவரும் உண்டு, உப்பளத்தில் கூலிக்குப் போகிறவரும் உண்டு, அந்தப் பைக்கு முன்னால் இரண்டு பேர் கையும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரம்பூர்க்காரரே, லாட்ஜோ வேறு எதுவோ, சேரும் முன் அங்கே பணம் எப்படிச் சேருகிறது, எப்படிப் போகிறது என்று பாருங்கள், அந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

---

மடிப்பாக்கம்_மேடம்

ஆண்கள் எல்லாம் பேசி முடித்தாச்சா? நான் ஒரு மேசனின் மனைவி, அதனால் உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன்.

பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது உண்மை, எனக்கும் அதில் வருத்தம்தான். ரோட்டரி, லயன்ஸ் எல்லாம் 1980களின் கடைசியில் கதவைத் திறந்துவிட்டார்கள், இவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். ஆனால் பெண்கள் மேசன் ஆகவே முடியாது என்று இல்லை. 1893ல் பாரிஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்த தனி அமைப்பு தொடங்கியது, அன்னி பெசன்ட் 1902ல் அதில் சேர்ந்து இந்தியாவுக்கும் கொண்டுவந்தார், நம்ம அடையாறிலும் லாட்ஜ் நடந்தது. என் கணவரின் லாட்ஜ் அதை அங்கீகரிப்பதில்லை, அது அவர்கள் பிரச்சினை.

வீட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தால்: வெள்ளைக் கையுறை துவைப்பது என் வேலை இல்லை என்று முதல் மாதமே சொல்லிவிடச் சொல்லுங்கள். வசனம் மனப்பாடம் செய்கிற காலத்தில் பாத்ரூமில் இருந்து மந்திரம் போல முணுமுணுப்பு வரும், கேட்டால் நிறுத்திவிடுவார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் ஹெல்மெட்டுக்குள்ளும் அதேதான். நானே இப்போது அரைவாசி சொல்லிவிடுவேன், ரகசியமாம் ரகசியம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவருக்கு ஆபரேஷன் ஆனபோது சொந்தக்காரர்கள் போன் பண்ணி 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்றார்கள். லாட்ஜ்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் ரத்தத்துக்கு ஆள் கூட்டிவந்தார், ஒருவர் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எனக்குப் பதிலாக வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஒருவர் ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு 'நீ போய்ப் படும்மா, நான் இருக்கேன்' என்றார். அந்தப் பெரியவரை அதற்கு முன் ஒரு லேடீஸ் நைட் (மனைவிகளையும் கூப்பிடும் லாட்ஜ் விருந்து) சாப்பாட்டில்தான் பார்த்திருக்கிறேன். அவரோடு என் கணவருக்கு வேலையில் சம்பந்தமில்லை, ஊர் சம்பந்தமில்லை, சாதி சம்பந்தமில்லை. அன்றைக்குப் பிறகு நான் அந்த மாதாந்திர சாயங்காலத்தைப் பற்றி முணுமுணுப்பதை விட்டுவிட்டேன். பெண்களைச் சேர்க்காததைப் பற்றி மட்டும் இன்னும் விடவில்லை.

---

சந்தேகப்பேர்வழி

@மடிப்பாக்கம்_மேடம் இதுதான் முதல் பதிலிலேயே வந்திருக்க வேண்டியது. டோக்கன் வரிசையில் நிற்கிற ஆள் கிடைத்தால் நானும் கோட்டு தைப்பேன். கருப்பு உருண்டை பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது, கோட்டுக்காரர் பதில் சொல்லவில்லை.

---

கோட்டும்_கையுறையும்

சொல்கிறேன். தப்பாகப் பயன்படுத்த முடியும், சில இடங்களில் பயன்படுத்தியும் இருப்பார்கள், பழையபேப்பர் சொன்ன வரலாறே சாட்சி. நடைமுறையில் ஓட்டுக்கு முன்பே நேர்காணல் குழு பேசித் தீர்த்துவிடுவதால் கருப்பு விழுவது அபூர்வம், நான் மாஸ்டராக இருந்தபோது விழவில்லை. ஆனால் 'யாரைக் கூட்டிவருகிறோம்' என்பதிலேயே வடிகட்டல் நடந்துவிடுகிறது, அதுதான் உண்மையான பிரச்சினை. நண்பர் தன் நண்பரைத்தான் கூட்டிவருவார். எங்கள் லாட்ஜில் டாக்டர்களும் ஆடிட்டர்களும் ஏராளம், எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் இருக்கிறார். கொத்தனார் கருவிகளை வைத்துப் பாடம் சொல்லும் சங்கத்தில் கொத்தனார் ஒருவர் கூட இல்லை என்பதை ஒரு விருந்தில் எழுந்து சொன்னேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள், அவ்வளவுதான் நடந்தது.

முத்துநகர் சொன்ன துணிப்பை போல எங்களிடமும் ஒன்று உண்டு, தர்மப் பை என்போம், ஒவ்வொரு கூட்டத்திலும் சுற்றி வரும். புதிதாகச் சேருகிறவரிடம் மோதிரம், காசு, கடிகாரம் எல்லாம் முன்பே வாங்கி வைத்துவிடுவோம், அப்புறம் எல்லார் முன்னாலும் தர்மம் கேட்போம். (இது பல புத்தகங்களில் அச்சாகி வந்ததுதான், நான் ஒன்றும் உடைக்கவில்லை.) கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், பெரிய பிசினஸ்மேன் கூட சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். கோயம்புத்தூரில் மேசன்கள் குழந்தைகளுக்கென்று நடத்தும் மருத்துவமனை போன்றவை எல்லாம் இந்த மாதிரி சில்லறை சேர்ந்து வந்ததுதான்.

---

பெரம்பூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. மேடம் எழுதியதை மனைவியிடம் காட்டினேன். கையுறை பகுதிக்குச் சிரித்தார், ஆஸ்பத்திரி பகுதிக்கு ஒன்றும் சொல்லவில்லை, 'அப்பாகிட்ட நானே கேக்கறேன் எவ்ளோ செலவாகும்னு' என்றார். அம்மாவிடம் ஐந்து புத்தகம் ஒரே மேஜையில் இருக்கும் விஷயத்தைச் சொன்னேன், 'கந்தசஷ்டி கவசம் இருக்கா' என்று கேட்டார்.

கடைசியாக ஒரு சில்லறைச் சந்தேகம். நேர்காணலுக்கு வரும்போது அவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்? கோட்டு உடனே வேண்டுமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா?

---

கோட்டும்_கையுறையும்

நேர்காணலுக்குச் சாதாரண பேண்ட் சட்டை போதும், காபி கொடுங்கள், ஏன் சேர நினைக்கிறீர்கள் என்று கேட்டால் இங்கே முதலில் எழுதியதையே சொல்லுங்கள். வாட்ஸ்அப் கேக் படத்தோடு சேர்த்து. கோட்டு வாக்கெடுப்பு முடிந்த பிறகு தையுங்கள், வாடகை வேண்டாம், மாதாமாதம் போட வேண்டியது. கொஞ்சம் லூசாகத் தைக்கச் சொல்லுங்கள், விருந்துச் சாப்பாடு நன்றாகவே இருக்கும்.